டிசம்பர் 25 எப்படி வந்தது? கிறிஸ்துமஸ் யாருக்குச் சொந்தம்?

டிசம்பர் பிறந்தால் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, வீட்டு வாசல்களில் தொங்கும் காகித ஸ்டார். இன்னொன்று, 'டிசம்பர் 25 இயேசு பிறந்த நாளே இல்லை, தெரியுமா?' என்று தொடங்கும் வாட்ஸ்அப் ஃபார்வர்டு. 'அது ரோமானியர்களின் சூரியக் கடவுள் பண்டிகை. கிறிஸ்தவர்கள் அதைத் திருடிக்கொண்டார்கள்' என்று அது முடியும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குரல் உண்டு. 'கேக், மரம், தாத்தா எல்லாம் கடைக்காரர்கள் கொண்டுவந்தது. இது எங்க பண்டிகை, எங்களிடமே விட்டுடுங்க' என்கிறது அது. அண்மைக்காலத்தில் மூன்றாவதாக ஒரு குரலும் சேர்ந்திருக்கிறது. 'நீங்க கிறிஸ்தவர் இல்லையே, உங்க பிள்ளைக்கு ஏன் தாத்தா வேஷம் போடுறீங்க?' என்று அது கேட்கிறது.

மூன்று குரல்களுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தப் பண்டிகை யாருடையது? அதற்குப் பதில் தேட வேண்டுமென்றால், முதலில் தேதிக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

பைபிளில் தேதி இருக்கிறதா?

இல்லை. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்தி நூல்கள் நான்கு. அவற்றில் மத்தேயு, லூக்கா ஆகிய இரண்டு மட்டுமே பிறப்புக் கதையைச் சொல்கின்றன. மாற்கும் யோவானும் அந்தப் பக்கமே போகவில்லை. சொல்லும் இரண்டிலும் மாதமோ நாளோ கிடையாது.

லூக்காவில் ஒரு குறிப்பு உண்டு. அன்றிரவு மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி ஆடுகளைக் காவல் காத்தார்கள் என்கிறது அது. 'பெத்லகேமின் டிசம்பர் குளிரில் யாராவது ராத்திரி வெளியே படுப்பார்களா?' என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த ஒரு வரியை வைத்து எந்தத் தேதியையும் உறுதிசெய்யவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது.

ஆகவே, வாட்ஸ்அப் ஃபார்வர்டின் முதல் வரி பாதி உண்மை. இயேசு டிசம்பர் 25-ல் பிறந்தார் என்பதற்கு பைபிளில் ஆதாரம் இல்லை. இதைப் பெரும்பாலான திருச்சபைகளும் மறைக்கவில்லை. பிறந்த தேதி இதுதான் என்று நிரூபிப்பதைவிட, பிறப்பை நினைவுகூர ஒரு நாள் என்பதாகத்தான் அவை இதைப் பார்க்கின்றன.

முதல் கிறிஸ்தவர்கள் பிறந்தநாள் கொண்டாடினார்களா?

முதல் இரண்டு நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்களின் பெரிய விழா ஈஸ்டர்தான். அவர்களுக்கு முக்கியம் இயேசுவின் மரணமும் உயிர்த்தெழுதலும்.

3-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆரிஜன் என்ற அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் யார் என்று பாருங்கள், எகிப்தின் பார்வோனும் ஏரோது மன்னனும்தான் என்றார். பார்வோன் தன் பிறந்தநாளில் ஒருவரைத் தூக்கிலிட்டான். ஏரோது யோவானின் தலையை வெட்டச் சொன்னான். நல்லவர்கள் யாரும் பிறந்தநாள் கொண்டாடவில்லை என்பது அவர் வாதம்.

ஆனால் ஆர்வம் யாரை விட்டது? கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய அலெக்சாந்திரியா கிளமெந்து, இயேசு பிறந்த நாளைச் சிலர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதாகக் குறிப்பிடுகிறார். சிலர் மே மாதத்தில் ஒரு நாளைச் சொன்னார்கள், சிலர் ஏப்ரலில். அந்தப் பட்டியலில் டிசம்பர் 25 இல்லை.

சூரியக் கடவுளின் பிறந்தநாளா?

இப்போது சர்ச்சைக்குரிய இடத்துக்கு வருவோம். டிசம்பர் 25-ஐ கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிப்பிடும் மிகப் பழைய உறுதியான ஆவணம் ரோம் நகரில் தயாரானது. கி.பி. 354-ஐச் சேர்ந்த ஒரு நாட்காட்டி ஏடு அது. பணக்காரக் கிறிஸ்தவர் ஒருவருக்காகத் தயாரிக்கப்பட்டது. அதிலுள்ள கிறிஸ்தவப் பட்டியல் 336-லேயே தொகுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஏட்டின் வேறொரு பக்கத்தில் ரோம அரசின் விழாப் பட்டியலும் இருக்கிறது. அதில் டிசம்பர் 25-க்கு நேரே 'வெல்லப்படாதவரின் பிறந்தநாள்' என்று எழுதி, 30 ரதப் பந்தயங்கள் என்றும் குறித்திருக்கிறார்கள். 'வெல்லப்படாதவர்' என்றால் சூரியக் கடவுள். 274-ல் ஒளரேலியன் என்ற பேரரசர் ரோமில் அந்தக் கடவுளுக்குப் பெரிய கோயில் கட்டியிருந்தார்.

'பார்த்தீங்களா, திருட்டு உறுதியாயிடுச்சு' என்று உடனே சொல்லிவிடலாம். கொஞ்சம் பொறுங்கள். சூரியனுக்கு டிசம்பர் 25-ல் விழா நடந்தது என்பதற்கான தெளிவான பழைய ஆவணமும் இதே ஏடுதான். இரண்டில் எது முதலில் வந்தது என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. சிலர் சொல்வதுபோல் மித்ரா என்ற கடவுள் டிசம்பர் 25-ல் பிறந்தார் என்பதற்கும் பழைய ஆதாரம் கிடையாது. ரோமானியர்களின் சட்டர்னாலியா கொண்டாட்டமோ டிசம்பர் 17-ல் தொடங்கி 25-க்கு முன்பே முடிந்துவிடும்.

அதற்காகச் சூரியனுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜூலியஸ் சீசரின் நாட்காட்டிப்படி, டிசம்பர் 25-தான் குளிர்காலத்தில் சூரியன் திரும்பும் நாள். அன்றிலிருந்து பகல் நீளத் தொடங்கும். அந்த அடையாளத்தைக் கிறிஸ்தவப் போதகர்கள் விரும்பியே பயன்படுத்தினார்கள். நாம் இந்த நாளைக் கொண்டாடுவது சூரியனுக்காக அல்ல, சூரியனைப் படைத்தவருக்காக என்ற பொருளில் அகுஸ்தீன் போதித்தார். 5-ம் நூற்றாண்டில் போப் லியோ, ரோமின் புனித பேதுரு ஆலயப் படியேறும் கிறிஸ்தவர்கள் சிலர் திரும்பி நின்று உதயசூரியனைக் கும்பிடுவதைக் கண்டித்திருக்கிறார். பழைய வழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

இன்னொரு கணக்கு: மார்ச் 25

சூரிய விழாவை விட்டுவிட்டு வேறு வழியாகவும் டிசம்பர் 25-க்கு வந்து சேரலாம். 1889-ல் லூயி துஷேன் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் இதை முன்வைத்தார்.

இயேசு சிலுவையில் அறையப்பட்டது மார்ச் 25 என்று மேற்குத் திசைக் கிறிஸ்தவர்கள் பழைய காலத்திலேயே கணக்கிட்டிருந்தார்கள். கி.பி. 200-ஐ ஒட்டி தெர்த்துல்லியன் இந்தத் தேதியைச் சொல்கிறார். அவர் கருவில் உருவான நாளும் இறந்த நாளும் ஒன்றே என்ற நம்பிக்கையும் இருந்தது. அப்படியானால் மார்ச் 25-ல் கருவானவர் எப்போது பிறந்திருப்பார்? ஒன்பது மாதத்தைக் கூட்டுங்கள். டிசம்பர் 25!

கிழக்கே சில கிறிஸ்தவர்கள் மார்ச் 25-க்குப் பதில் ஏப்ரல் 6-ஐ வைத்துக் கணக்குப் போட்டார்கள். அங்கே ஒன்பது மாதத்தைக் கூட்டினால் ஜனவரி 6. கிழக்கில் பிறப்பு விழா நடந்த பழைய தேதியும் ஜனவரி 6-தான். இந்தப் பொருத்தம்தான் துஷேனின் வாதத்துக்குப் பெரிய பலம். வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்ன திருநாளை இன்றைக்கும் மார்ச் 25-ல்தான் கத்தோலிக்கர்கள் கொண்டாடுகிறார்கள்.

எது சரி? ஆய்வாளர்கள் இன்னமும் இரண்டு கட்சிதான். 'இந்தக் காரணத்துக்காக இந்தத் தேதியை வைத்தோம்' என்று எழுதிவைத்த முடிவோ கடிதமோ 4-ம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கவில்லை. இரண்டு காரணங்களும் ஒன்றுக்கொன்று கைகொடுத்திருக்கவும் கூடும். ஆகவே 'திருடினார்கள்' என்று அடித்துச் சொல்பவர், ஆதாரம் தாங்குவதைவிட அதிகமாகச் சொல்கிறார்.

நமக்குத் தெரிந்த ஓர் ஒப்பீடு

'தேதியே சரியில்லை, அப்புறம் என்ன பண்டிகை?' என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. தை 1 உத்தராயணத்தின் தொடக்கம் என்பது மரபு. சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள். ஆனால் வானத்தில் சூரியன் உண்மையில் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ல். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடும் நம் பஞ்சாங்கம் மெல்ல மெல்ல விலகி வந்துவிட்டது.

இதைத் தெரிந்துகொண்ட யாராவது பொங்கல் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்களா? இல்லையே. தேதி எப்படி வந்தது என்பது ஒரு விஷயம், அந்த நாளில் மக்கள் எதை நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரே ஊரில் மூன்று கிறிஸ்துமஸ்

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே தேதி ஒன்று கிடையாது. அந்தியோகியாவில் 386-ல் பிரசங்கம் செய்த யோவான் கிறிசோஸ்தோம், டிசம்பர் 25 விழா தங்கள் ஊருக்கு வந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை என்கிறார். மேற்கிலிருந்து மெதுவாகக் கிழக்குக்கு வந்த தேதி இது. ஆர்மீனியத் திருச்சபை மட்டும் பழைய ஜனவரி 6-ஐ விடவே இல்லை.

பிறகு 1582-ல் போப் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. ரஷ்யா, செர்பியா போன்ற நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் விழாக்களுக்கு இந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. பழைய கணக்குக்கும் புதிய கணக்குக்கும் இப்போது 13 நாள் இடைவெளி. அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7.

பெத்லகேமுக்குப் போனால் இதை நேரில் பார்க்கலாம். இயேசு பிறந்த இடமாகப் போற்றப்படும் ஆலயத்தை மூன்று திருச்சபைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. கத்தோலிக்கர்களுக்கு டிசம்பர் 25, ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கு ஜனவரி 7, பழைய நாட்காட்டியின் ஜனவரி 6-ஐப் பின்பற்றும் ஆர்மீனியர்களுக்கு அங்கே ஜனவரி 19.

தேதி அரசியலாகவும் மாறும். உக்ரைனில் 2017-ல் இரண்டு தேதிகளும் விடுமுறை ஆயின. ரஷ்யா படையெடுத்த பிறகு, 2023-ல் ஜனவரி 7 விடுமுறையை நீக்கி டிசம்பர் 25-ஐ மட்டும் வைத்துக்கொண்டது உக்ரைன் அரசு. மாஸ்கோவோடு சேர்ந்து கொண்டாட மாட்டோம் என்பதுதான் அதன் அர்த்தம்.

கிறிஸ்தவர்களே தடைசெய்த பண்டிகை

கிறிஸ்துமஸுக்கு எதிரான கடுமையான சட்டங்கள் சிலவற்றைப் போட்டவர்கள் யார் தெரியுமா? பக்தியுள்ள கிறிஸ்தவர்கள்தான். 'பைபிளில் இல்லாத பண்டிகை, குடியும் கூத்தும்தான் மிச்சம்' என்றார்கள் பியூரிட்டன்கள். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647-ல் கிறிஸ்துமஸை ஒழித்தது. அந்த டிசம்பரில் கேன்டர்பரியில் கடை திறக்கச் சொன்னதற்காகக் கலவரமே வெடித்தது. மன்னராட்சி திரும்பிய 1660-ல்தான் பண்டிகையும் திரும்பியது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-ல் வந்த சட்டம், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றது. 1681 வரை அது இருந்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனதே 1958-ல்தான்.

இன்றும் யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. நம் ஊர் பெந்தெகொஸ்தே சபைகளிலும் சில கொண்டாடுவதில்லை. வாட்ஸ்அப்பில் 'ரகசியம்' என்று வருவதை இவர்கள் மேடை போட்டே பேசுகிறார்கள். ஆகவே, 'கிறிஸ்தவர்கள் மறைத்த உண்மை' என்பதெல்லாம் சும்மா.

மரமும் தாத்தாவும் யாருடையவை?

குடில் வைக்கும் வழக்கத்துக்குப் பெயர் வாங்கியவர் அசிசியின் பிரான்சிஸ். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ கிராமத்தில் நிஜ மாடு, கழுதையை வைத்துத் தொழுவக் காட்சியை அமைத்தார். மரம் ஜெர்மனி வழக்கம். விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தபிறகு ஆங்கிலம் பேசும் உலகெங்கும் பரவியது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலம் இன்றைய துருக்கியில் உள்ள மைராவின் ஆயர் நிக்கோலாஸ். 'வொயிட் கிறிஸ்துமஸ்' பாட்டை எழுதிய இர்விங் பெர்லின் ஒரு யூதர். அதுவும் ரஷ்யப் பேரரசிலிருந்து அகதியாக அமெரிக்கா வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்.

இந்தக் கதைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. அமெரிக்காவில் பாட்டக்கெட் என்ற ஊரின் நகராட்சி வைத்த குடில் அரசியல் சட்டத்துக்கு எதிரானதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984-ல், 'வைக்கலாம்' என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. காரணம்? குடிலுக்குப் பக்கத்தில் தாத்தாவும் கலைமானும் மரமும் இருந்தன, மொத்தத்தில் அது ஒரு பண்டிகைக்கால அலங்காரம்! 1989-ல் பிட்ஸ்பர்க் நீதிமன்றக் கட்டடத்தில் தனியாக வைத்த குடிலை அதே உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. அதாவது, கூட்டத்தோடு நின்றால் அனுமதி, கடவுளைப் பற்றித் தனியாகப் பேசினால் அனுமதி இல்லை. முதல் வழக்கில் குடிலுக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய நீதிபதிகளில் ஒருவரான பிளாக்மன், இந்த 'வெற்றி' குடிலின் புனிதத்தையே பறித்துவிட்டது என்று வருந்தினார்.

'எங்க பண்டிகை வெறும் அலங்காரமாகிவிட்டது' என்று கிறிஸ்தவர்கள் சொல்லும்போது, அதில் இருக்கும் வலியை நாம் கேலி செய்யக் கூடாது. அவர்கள் இழப்பதாக நினைப்பது கேக்கை அல்ல, பொருளை.

சரி, யாருக்குத்தான் சொந்தம்?

கிறிஸ்துமஸில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. முதல் அடுக்கு, கடவுள் ஏழைக் குழந்தையாகத் தொழுவத்தில் பிறந்தார் என்ற நம்பிக்கை. அது கிறிஸ்தவர்களுடையது. அதன் பொருளை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சூரிய விழா வாதத்தைக் காட்டி 'உங்க நம்பிக்கையே இரவல்' என்று சொல்வது வரலாறும் அல்ல, நாகரிகமும் அல்ல.

இரண்டாவது அடுக்கு விளக்கு, பாட்டு, இனிப்பு, விடுமுறை. இது பல மொழி, பல மதக்காரர்கள் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது. இதில் யார் கலந்துகொண்டாலும் முதல் அடுக்கு குறைந்துவிடாது. பக்கத்து வீட்டு ரம்ஜான் பிரியாணியைச் சாப்பிட்டவர் நோன்பின் பொருளைக் கெடுத்துவிடுவதில்லை. ஈசா நபியின் பிறப்பு குர்ஆனிலும், மர்யம் என்ற தாயின் பெயரையே கொண்ட அத்தியாயத்தில் சொல்லப்படுகிறது. அந்தக் குழந்தையை மதிக்க ஒருவர் சர்ச்சுக்குப் போகிறவராக இருக்க வேண்டியதில்லை.

ஆனால், இந்தியாவில் இந்தக் கேள்வி வெறும் பேச்சோடு நிற்பதில்லை. 2017 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சத்னாவில் கேரல் பாடப் போன குருமாணவர்களும் பாதிரியார்களும் மதமாற்றப் புகாரில் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களைப் பார்க்கப் போனவர்களின் கார் கொளுத்தப்பட்டது. 2021-ல் ஆக்ராவில் கிறிஸ்துமஸ் தாத்தா உருவ பொம்மைகளை எரித்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 6 சதவீதம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இருப்பவர்களிடம் 'உங்க பண்டிகையை நாலு சுவருக்குள்ள வெச்சுக்கோங்க' என்று சொல்வது ஒரு மிரட்டல். அந்த மிரட்டலுக்கு 'அது ரோமானியப் பண்டிகைதானே' என்ற அரைகுறை வரலாறு துணைபோகும்போதுதான், தேதி விவாதம் ஆபத்தாகிறது.

பண்டிகை யாருடையது என்பதைத் தேதி தீர்மானிப்பதில்லை, அதைக் கொண்டாடுகிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். 2023-ல் காஸா போர் காரணமாக பெத்லகேமில் மரமும் விளக்குகளும் இல்லை. அங்குள்ள லுத்தரன் ஆலயம் ஒன்றில் குழந்தை இயேசுவின் உருவத்தை வைக்கோலில் கிடத்தாமல், உடைந்த கற்களின் நடுவே கிடத்தியிருந்தார்கள். கடைகளோ கேக்கோ இல்லாத அந்த ஆண்டிலும் அங்கே கிறிஸ்துமஸ் வந்தது. தேதியைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

இந்த டிசம்பரில் அந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வரலாம். முன்னனுப்பும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். தேதி பற்றிய கேள்வி நல்ல கேள்விதான், கிறிஸ்தவ நண்பரிடமே உட்கார்ந்து பேசலாம். கேரல் பாடிக்கொண்டு தெருவில் பிள்ளைகள் வந்தால், கதவைத் திறந்து ஒரு பாட்டு கேளுங்கள். பாதி நாள் வெளியூரில் இருக்கும் உங்கள் பிள்ளைகளும் இப்படித்தான் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நம் தீபாவளிப் பலகாரத்தோடு நிற்கிறார்கள்.